படத்துக்கு அடியில் நாலு வரி எதற்கு?

கேள்வி: ‘ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம்’ என்று கன்பூசியஸே சொல்லியிருக்கிறாரே! உங்கள் இதழில் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் நாலு வரிக் குறிப்பு எதற்கு?

பதில்: கன்பூசியஸ் தலையில் இதைக் கட்ட வேண்டாம். இது அமெரிக்க விளம்பரத் தொழிலில் பிறந்த வாசகம். 1911 மார்ச்சில் சிரக்யூஸ் நகர விளம்பரக்காரர்கள் கூட்டத்தில், ‘படத்தைப் போடுங்கள், ஆயிரம் சொல் பெறும்’ என்றார் பத்திரிகை ஆசிரியர் ஆர்தர் பிரிஸ்பேன். டிராம் வண்டி விளம்பரம் பிடித்த ஃபிரெட் பார்னார்ட், 1921 டிசம்பர் 8 ‘பிரிண்டர்ஸ் இங்க்’ என்ற விளம்பரத் தொழில் இதழில் ‘ஒரு பார்வை ஆயிரம் சொல் பெறும்’ என்று தலைப்பிட்டார். 1927 மார்ச் 10 இதழில் பார்வை படமானது, ஆயிரம் பத்தாயிரமானது. கூடவே சீன எழுத்துகள், ‘சீனப் பழமொழி’ என்ற முத்திரை. அப்படிச் சொன்னால்தான் மக்கள் மதிப்பார்கள் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது.

அவர் விற்றது, டிராமின் சன்னல்களுக்கு மேலே செருகும் 11 அங்குல உயரம், 21 அங்குல அகல அட்டை. குலுங்கும் வண்டியில் எதிர் வரிசையில் இருப்பவருக்குப் பொடி எழுத்து தெரியாது. அந்த அட்டைக்கு அந்த வாசகம் நூற்றுக்கு நூறு பொருந்தும். எல்லாப் படத்துக்கும் அதையே சட்டமாக்குவதுதான் தவறு.

சீனாவில் உண்மையில் வழங்குவது, ‘நூறு முறை கேட்பது ஒரு முறை காண்பதற்கு ஈடாகாது’. கி.மு. 61இல், மேற்கு எல்லையில் கிளர்ந்த சியாங் மக்களை அடக்க எவ்வளவு படை வேண்டும் என்று ஹான் பேரரசர் சுவான் கேட்டபோது, எழுபது வயதைத் தாண்டிய தளபதி ஜாவ் சொங்குவோ சொன்னது. அதோடு அவர் நிறுத்தவில்லை. போர் விஷயத்தைத் தொலைவிலிருந்து கணிக்க முடியாது, எல்லைப் பகுதியான ஜின்செங்குக்கு நேரில் போய் வரைபடம் எழுதி, திட்டத்தையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். அங்கேயும் படம் தனியாக வரவில்லை, கவனியுங்கள்.

தெருவில் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்களை மட்டும் படமெடுத்துப் பாருங்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கின்றனவா, விற்பனைக்கு வைத்தவையா? குடம் பச்சை என்பதைக் கண்ணே சொல்லிவிடும். அதைக் குறிப்பில் திருப்பி எழுதுவது வீண். எந்த ஊர், எந்த நாள், இடமிருந்து வலமாக யார் யார், படத்தின் சட்டகத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். தேதியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 2015 சென்னை வெள்ளப் படங்கள் பிந்தைய மழைகளின்போது ‘இன்றைய காட்சி’ என்று கைபேசிகளில் சுற்றினவே, அதுதான் ஆகும். அந்த நாலு வரியைக் குறைக்க மாட்டோம்.