மாத்திரையைச் சாம்பாரில் கலக்கலாமா? மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா): மனநல மருத்துவர் பதில்கள்

கே: மகனுக்கு 26 வயது. பக்கத்து வீட்டார் சுவர் வழியாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்கிறான். மாத்திரை போட மறுக்கிறான். பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுத்து வருகிறேன். தொடரலாமா? (ஓர் அம்மா, கரூர்)

ப: உங்கள்மேல் குறை இல்லை. என்னிடம் வரும் அம்மாக்களில் பலர் இதைச் செய்கிறார்கள், வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்வதில்லை. ஆனால் சோற்றில் விஷம் என்று பயப்படுகிற பிள்ளை, குழம்பில் வெள்ளையாக ஏதோ மிதப்பதை ஒருநாள் பார்த்துவிட்டால்? அவன் சந்தேகம் சரிதான் என்றாகிவிடும். அதற்குப் பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். பாதிச் சோற்றில் எழுந்து போனால், மருந்து எவ்வளவு உள்ளே போனது என்பதும் தெரியாது.

அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். நோய் மறுபடி கிளம்பும். முதலில் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவர் போடும் கணக்கெல்லாம் தப்பாகும். அப்படிக் குரல் எதுவும் கேட்கவில்லை என்று மகனிடம் வாதாட வேண்டாம். எனக்கும் கேட்கிறது என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலப்பா, உனக்குக் கேக்குதுன்னு நம்புறேன். ராத்திரியெல்லாம் தூங்காம கஷ்டப்படுறியே, அதுக்கு டாக்டரைப் பாப்போமா?" என்று கேளுங்கள். நோய் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள்கூடத் தூக்கமின்மைக்கு வைத்தியம் பார்க்கச் சம்மதிப்பார்கள். தினசரி மாத்திரைச் சண்டை வேண்டாம் என்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன; அவன் சம்மதம் வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவான் என்ற நிலை வந்தால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்கீழ், சம்மதம் இல்லாமலும் 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க வழி உண்டு.

கே: தங்கைக்கு இந்த நோய். கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும், மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறார் பெரியப்பா.

ப: பெரியப்பாவிடம் ஒரு கேள்வி: புகுந்த வீட்டில் தங்கை மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாள்? ஒளிக்க முடியாமல் நிறுத்துவாள். தூக்கம் கெட்டு, பழைய பயங்கள் திரும்பும். மறைத்துச் செய்த திருமணத்தை ரத்து செய்யக் கோரி, இந்து திருமணச் சட்டப்படி வழக்கும் போடலாம். கல்யாணம் மருந்தல்ல. நன்றாகத் தேறியவர்கள் தாராளமாகத் திருமணம் செய்யலாம், குழந்தையும் பெறலாம். சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கே: அப்பாவுக்கு இருக்கிறது. எனக்கு 22 வயது. எனக்கும் வருமா?

ப: பொதுவாக நூறில் ஒருவருக்கு வரலாம் என்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் நூறில் சுமார் பத்து. மீதி தொண்ணூறு பேர் பக்கம் நீங்கள் இருக்கவே வாய்ப்பு அதிகம். கஞ்சாவைத் தொடாதீர்கள், உங்களைப் போன்றவர்களுக்கு அது நோயை வரவழைக்கக்கூடும். ஆட்களை விட்டு ஒதுங்குவது, காரணமில்லாத சந்தேகம், தூக்கமின்மை தொடர்ந்தால் காத்திருக்காமல் வாருங்கள். போனில் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், கட்டணம் இல்லை.

கே: ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

ப: தொழுகை, வேண்டுதல் எதையும் நான் தடுப்பதில்லை. சங்கிலியைத்தான் தடுக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். இன்று சங்கிலியால் கட்டுவதே சட்டவிரோதம். மாத்திரைப் பையோடு போய், மாத்திரைப் பையோடு திரும்புங்கள்.

கே: ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதுதானே இது?

ப: இல்லை. அது சினிமா.

கே: இந்த நோய்க்கு ஓலன்சபின் மாத்திரை சாப்பிடும் அண்ணன் நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறார். விடச் சொல்லலாமா?

ப: சொல்லுங்கள், ஆனால் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு. சிகரெட் புகை ஈரலில் இந்த மருந்தை வேகமாகக் கரைக்கும். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, பகலெல்லாம் தூக்கம் தள்ளும். இதே நோய்க்குத் தரும் க்ளோசபின் மாத்திரைக்கும் இதே கதை, ஆபத்து இன்னும் அதிகம். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இந்த மருந்துகளால் ஏறக்கூடிய எடையையும் சர்க்கரையையும் எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே. அதே வருகையில் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.