பெட்டிக்குள் கறுப்பு ஈ

கேள்வி: வீட்டில் ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அதே பெட்டியில் மஞ்சள் வரி போட்ட ஈக்களும் இருக்கின்றன, நன்றாகக் கறுத்த ஈக்களும் இருக்கின்றன. வேறு இனம் புகுந்துவிட்டதா? முருங்கைப் பூவுக்கு வேறு கன்னங்கரேலென்று பெரிதாக ஒன்று வருகிறது, அதுவும் தேனீயா?
– தென்காசி வாசகர்

பதில்: புகவில்லை. வேற்றுக் கூட்டத்து ஈ நுழையப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டி வாசலிலேயே கட்டிப் புரண்டு சண்டை நடக்கும், அது உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

முதலில் அந்தக் கறுப்பு ஈயைக் கிட்டத்தில் பாருங்கள். தடித்த உடம்பு, உச்சந்தலையில் ஒட்டிக்கொண்ட இரண்டு பெரிய கண்கள் என்றால் அது ஆண் ஈ, பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீயான அடுக்குத்தேனீயில் ஆண் கறுப்பாகத்தான் இருக்கும். ஒல்லியாக இருந்தால் வேலைக்கார ஈதான், அதிலும் நிறம் மாறும். ராணி பறந்துபோய்ப் பல ஆண்களோடு கூடிவிட்டு வருகிறாள், அதனால் ஒரு பெட்டி முழுக்க ஒரே தாய் பிள்ளைகள், தகப்பன்தான் வேறு வேறு. பிள்ளைகள் நிறம் ஒன்றாக இருக்குமா? அப்புறம் வயது. புதிதாக வெளிவந்த ஈ வெளிறி, மேலெல்லாம் பூனைமுடியோடு இருக்கும், வெளிவேலைக்குப் போய்ப் போய் முடி உதிர்ந்த கிழட்டு ஈ எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று கறுத்துத் தெரியும்.

குளிர்ந்த மலைப்பக்கத்தில் அடுக்குத்தேனீயே கறுப்பாக இருப்பது தேனெடுப்பவர்களுக்குப் பழைய செய்தி. 2022-ல் கேரள ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கருந்தேனீக்கு ‘ஏபிஸ் கரிஞ்சோடியன்’ என்று தனி இனப் பெயரே வைத்தார்கள். அவர்களும் நிறத்தை மட்டும் நம்பவில்லை, முன்னிறக்கையில் இரண்டு நரம்புகளின் நீளத்தை அளந்து விகிதம் பார்த்தார்கள். அப்படியும் தனி இனம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. நிலைமை இப்படியிருக்க, செல்போன் படத்தில் நிறத்தைப் பார்த்து இனம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கூட்டைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. நம் நாட்டுத் தேனீக்களில், பொந்திலோ பெட்டியிலோ இருட்டுக்குள் அடை அடையாக வரிசையாகத் தொங்கினால் அடுக்குத்தேனீ. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ பாறையிலோ திறந்தவெளியில் ஒரே ஒரு பெரிய அடை என்றால் மலைத்தேனீ, கிட்டப் போகாதீர்கள். செடிக்குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவில் ஒற்றை அடை என்றால் கொம்புத்தேனீ. அதற்கு வயிற்றின் முன்பகுதி செங்கல் நிறம், எறும்பு ஏறாமலிருக்கக் குச்சியில் பிசின் வேறு தடவி வைத்திருக்கும். சுவர் ஓட்டையில் பிசினால் குழாய் மாதிரி வாசல் நீட்டியிருந்தால் கொசுத்தேனீ, அது கொட்டாது.

சரி, முருங்கைப் பூவுக்கு வருகிற கறுப்பு. வெயிலில் இறக்கை நீலமும் ஊதாவுமாக மின்னுகிறதா? அப்படியானால் காய்ந்த மரத்தில் துளைபோட்டுக் குடியிருக்கும் மரத்தேனீ. ஊரில் வண்டு என்றுதான் சொல்வோம், ஆனால் தேனீக் குடும்பம். இதன் நெருங்கிய சொந்தத்தில் ஒன்றுக்கு, பெண் கறுப்பு உடம்பில் மஞ்சள் முதுகோடும் ஆண் உடம்பு முழுக்க மஞ்சளாகவும் இருக்கும், ஜோடியாகப் பார்த்தால்கூட ஒரே இனம் என்று சொல்ல வாய் வராது. ஆணுக்குக் கொடுக்கு கிடையாது, கையில் பிடிக்கலாம். பிடிப்பதற்கு முன் ஆண்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.