வியட்நாம் போகிறவர்கள் கேட்டவை: மி சன் முதல் கூ சி வரை

வியட்நாம் பயணம் பற்றி வந்திருந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். விசா, டிக்கெட் விலை எல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை, அவற்றுக்குள் போகவில்லை. இடங்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஏழு நாள் லீவு இருக்கிறது. ஹனோய், ஹா லாங், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் எல்லாம் முடித்துவிடலாமா? (கோவை வாசகர்)

முடிக்கலாம், ஆனால் பாதி நேரம் விமான நிலையத்தில் கழியும். நாடு அவ்வளவு நீளம். ஹனோயிலிருந்து சைகோனுக்கு (இன்றைய ஹோ சி மின் நகரம்) ரயில் பாதையே 1,726 கி.மீ. ஏழு நாளுக்கு இரண்டு பகுதி போதும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மத்தியப் பகுதியும் ஹனோயும்தான். ஹுவே, ஹோய் ஆன், மி சன் மூன்றுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை, மூன்றுக்கும் டா நாங்கிலிருந்தே போய்வரலாம். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு மட்டும் ரயிலில் வாருங்கள். ஹாய் வான் மலையை ஒட்டி, கடல் மேலேயே போவது போலப் பாதை வளையும். இடது பக்க ஜன்னல் கேளுங்கள்.

மாதம் முக்கியம். அக்டோபர், நவம்பரில் மத்தியப் பகுதியில் மழை கொட்டும், ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகுவதும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

மி சன்னில் சிவன் கோயில்கள் இருக்கின்றன என்கிறார்கள். போய் வந்தவர்களோ வெறும் இடிந்த செங்கல்தான் என்கிறார்கள். அரை நாள் செலவழிக்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

கட்டாயம் செலவழியுங்கள். வியட்நாமில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் அதுதான். ஆனால் தயார் செய்துகொள்ளாமல் போனால் உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் கண்ணில் படும்.

இது சாம் மக்களின் பழைய நாடான சம்பாவின் அரசர்களுடைய புனிதப் பள்ளத்தாக்கு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் இங்கே ஒரு லிங்கத்தை நிறுவி, தன் பெயரைச் சேர்த்து பத்ரேஸ்வரன் என்று பெயர் வைத்தான். அந்தக் கோயில் தீக்கிரையான பிறகு, 7ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் மறுபடி கட்டினான். இறைவன் பெயர் சம்புபத்ரேஸ்வரன் ஆனது. ராஜராஜேஸ்வரம் இருக்கிற ஊர்க்காரரான உங்களுக்கு இந்த வழக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு 13ஆம் நூற்றாண்டு வரை இங்கே கோயில்கள் எழுந்துகொண்டே இருந்தன.

செங்கற்களுக்கு இடையில் சுண்ணாம்புப் பூச்சைத் தேடிப்பாருங்கள், கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு நெருக்கமாக அடுக்கி, சுவர் எழுந்த பிறகு அதன் மேலேயே சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். பி, சி, டி என்று பெயரிட்ட தொகுதிகள்தான் நன்றாக நிற்கின்றன. பி5 என்ற சிறிய கட்டடத்தின் கூரை படகைக் கவிழ்த்தது போல வளைந்திருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், இடிந்து கிடப்பதற்குக் காலம் மட்டும் காரணமில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் குண்டு போட்டன. எல்லாவற்றிலும் உயரமான ஏ1 கோபுரம் அதில் நொறுங்கியது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது. 1980களில் போலந்துக் கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் குவியாட்கோவ்ஸ்கி இங்கே வந்து, மிஞ்சியதைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கினார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையும் ஏ, எச், கே தொகுதிகளில் பணி செய்தது. 2020இல் அந்த வேலையின்போதுதான் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் மணற்கல் லிங்கம் வெளிப்பட்டது.

முதல் நாளே டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். கோயில்களுக்குள் இருந்த சிற்பங்களில் பல அங்கேதான் இருக்கின்றன. மி சன் ஈ1 கோயிலின் பீடத்தில் குழல் ஊதுகிறவரையும் தவம் செய்யும் முனிவரையும் பார்த்துவிட்டுப் போனால், மறுநாள் வெறும் சுவரைப் பார்க்கும்போது மனம் தானாக அதை நிரப்பிக்கொள்ளும். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கி.மீ. திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால் அந்த அமைதி போய்விடும், வெயிலும் தாங்காது.

ஒன்று சொல்ல வேண்டும். சில வழிகாட்டிகள் சாம் மக்கள் அழிந்துபோன இனம் என்பது போலப் பேசுகிறார்கள். இல்லை. தெற்கே பான் ராங் பக்கம் வாழ்கிறார்கள். அவர்களில் இந்துக்களாக இருப்பவர்கள் போ க்லாங் கராய் கோபுரத்தில் இன்றும் கேட் திருவிழா கொண்டாடுகிறார்கள்.

இரண்டு கைகள் தாங்கும் தங்கப் பாலம் எத்தனை வருடம் பழையது? (சேலம்)

டா நாங் அருகே பா நா மலையில் இருக்கும் அந்தப் பாலம் 2018இல்தான் திறந்தது. பாசி படிந்த கல் போலத் தெரியும் கைகள் கண்ணாடியிழையும் கம்பி வலையும்தான். பா நா மலையும் கேபிள் காரும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். வரலாறு தேடிப் போகிறவர்கள் அந்த நாளை ஹுவேக்குக் கொடுங்கள்.

ஹா லாங் விரிகுடாவை ஹனோயிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா? (திருச்சி)

சாலை நன்றாக இருக்கிறது, இரண்டரை மணி நேரம்தான். ஆனால் போக வர ஐந்து மணி நேரம் போய்விட்டால் படகில் நாலு மணி நேரம் மிஞ்சும், அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக. ஒரு இரவு படகில் தங்குங்கள். நெரிசல் பிடிக்காதவர்கள் காட் பா தீவை ஒட்டிய லான் ஹா விரிகுடாவைக் கேளுங்கள், அதே சுண்ணாம்புக் குன்றுகள்தான். புயல் எச்சரிக்கை வந்து படகை நிறுத்தினால் தகராறு செய்யாதீர்கள்.

அப்பாவுக்கு மூட்டு வலி. கூ சி சுரங்கத்துக்கு அழைத்துப் போகலாமா? (யாழ்ப்பாணம்)

தாராளமாக. அமெரிக்காவுடனான போரின்போது கெரில்லாக்கள் பதுங்கியிருந்த, சைகோனுக்கு அருகேயுள்ள சுரங்கம் அது. சுரங்கத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. மறைவுக் கதவுகள், பொறிகள், சமையல் புகையை மெல்லப் பரப்பி வெளியேற்றிய அடுப்பு எல்லாம் மேலேயே பார்க்கலாம். பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதியிலேயே குனிந்துதான் நகர முடியும். 250 கி.மீ. வலைப்பின்னலில் மக்கள் வருடக்கணக்கில் எப்படி இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சில மீட்டரே போதும். மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இறங்க வேண்டாம்.

வளாகத்தில் துப்பாக்கி சுடும் இடம் ஒன்று உண்டு, சத்தம் பலமாகக் கேட்கும். போர் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பென் தின், பென் துவாக் என்று இரண்டு நுழைவிடங்கள் இருக்கின்றன. பென் துவாக் தூரம் கூடுதல், ஆனால் கூட்டம் குறைவு. அங்கே இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவாலயமும் இருக்கிறது. சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சைகோன் தபால் நிலையம் ஐஃபெல் கட்டியதுதானே? (சென்னை)

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், தவறு. 1886 முதல் 1891 வரை நடந்த கட்டுமானம், வடிவமைத்தவர் ஆல்ஃப்ரெட் ஃபூலூ. இன்றும் இயங்கும் தபால் நிலையம், வீட்டுக்கு ஒரு அட்டை போடுங்கள். எதிரே உள்ள நோத்ர டாம் தேவாலயத்தில் 2017இல் சீரமைப்பு தொடங்கியது, அதனால் வெளியிலிருந்து பார்க்கும் எண்ணத்தோடு போங்கள்.

சைகோனில் தமிழர் கோயில் இருக்கிறதாமே? சைவச் சாப்பாடு கிடைக்குமா? (மதுரை வாசகி)

இருக்கிறது. பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போகலாம், துருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது. இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள், சீன வம்சாவளியினர். கருவறைக்குப் பின்புறச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள், அம்மனை ஊர் வைத்துக்கொண்டது. அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சாப்பாட்டுக்கு "சாய்" (chay) என்ற சொல்லை நினைவில் வையுங்கள், சைவம் என்று பொருள். பெயர்ப் பலகையில் அது இருந்தால் நம்பிப் போகலாம். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள்.

ஹோ சி மின் நினைவிடத்துக்கு மதியம் போகலாமா? (புதுச்சேரி)

முடியாது, ஹனோயில் உள்ள அந்த நினைவிடம் காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். திங்கள், வெள்ளி விடுமுறை. ஆண்டுதோறும் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடுவதும் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத உடை கூடாது. உள்ளே படம் எடுக்கவும் பேசவும் கூடாது. மதியத்தை வான் மியூ இலக்கியக் கோயிலுக்கு வையுங்கள். 1070இல் எழுந்தது, ஆமைகள் சுமக்கும் 82 கல்வெட்டுகளில் அரசுத் தேர்வில் வென்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

பண நோட்டில் குழப்பம் வருமா? (ஈரோடு)

வரும். 20,000 டாங் நோட்டும் 500,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். டாக்ஸியில் இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பின்பக்கம் பாருங்கள்: 20,000இல் ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம், 100,000இல் வான் மியூ, 200,000இல் ஹா லாங் குன்று, 500,000இல் ஹோ சி மின் வளர்ந்த கிராமத்து வீடு. 500,000 நோட்டுகளை மட்டும் தனிப் பையில் வைத்துவிடுங்கள்.