சாரதியில்லாக் கார் மோதினால் யார் பொறுப்பு?
வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடப்பவரைத் தானியங்கிக் கார் மோதினால் யார் பொறுப்பு என்று கேட்கிறீர்கள். என் பார்வையில், முதலில் அதை ஓடவிட்ட நிறுவனம்தான்.

2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. மென்பொருள் அவரை ஒருமுறை வாகனம், ஒருமுறை சைக்கிள் என்று மாற்றி மாற்றிக் கணித்தது. கடவைக்கு வெளியே ஆட்கள் நடப்பார்கள் என்பதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவே இல்லை. (கொழும்பில் பாதிப் பேர் அப்படித்தானே கடக்கிறோம்!) வண்டியோடு வந்த அவசரப் பிறேக்கையும் சோதனைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் குற்ற வழக்கு, உள்ளே இருந்த கண்காணிப்புச் சாரதி மீது மட்டுமே. அவர் வீதியைக் கவனிக்கவில்லை, சரி. பிறேக்கை நிறுத்தியது அவரா?

பிரித்தானியாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் பரவாயில்லை. கார் தானாக ஓடும்போது அது ஓடும் விதத்துக்கு, அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்.