பயாஸ் பாஸ்வேர்டு மறந்துபோனால் மதர்போர்டு பேட்டரியைக் கழற்றச் சொல்வது ஏன்?

பயாஸ் என்பது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸுக்கும் முன்பே ஓடும் சிறு புரோகிராம். அதன் அமைப்புகளையும் பாஸ்வேர்டையும் பழைய டெஸ்க்டாப்புகள் சிமாஸ் என்ற நினைவகத்தில் வைத்தன. மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதைக் காப்பது 3 வோல்ட் பட்டன் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. பேட்டரியைக் கழற்றினால் அமைப்புகளும் பாஸ்வேர்டும் மறந்துபோகும். அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் மாதிரிதான்: கையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முதலில் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விடுங்கள். சிமாஸை அழிக்கவென்றே மதர்போர்டில் ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) இருந்தால், கையேட்டைப் பார்த்து அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் பாஸ்வேர்டு, மின்சாரம் இல்லாவிட்டாலும் மறக்காத ஃபிளாஷ் சிப்பில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது.

இதனால் ஃபைல்கள் அழியும், விண்டோஸ் பாஸ்வேர்டும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை டிஸ்கில் இருப்பவை, அப்படியே இருக்கும்.