பனிக்காலத்து மனச்சோர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கார்த்திகை பொறந்தா எங்க அமுச்சி (68 வயசு) கட்டிலே கதின்னு கெடக்கறாங்க. "கை கால் ஓயுது சாமி"ங்கறாங்க. குளிருக்குத்தானுங்களா? – பெருந்துறை வாசகி

குளிர் என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்கள் வெசனத்தை வெசனம் என்று சொல்வது குறைவு. உடம்பின் மேல்தான் பழி போடுவார்கள். முதலில் டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், முகம் உப்பும், பேச்சு மெதுவாகும். பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும், மருந்து வேறு.

வெளிச்சம் குறைந்தாலும் மனசு சோரும். நம் பக்கம் மார்கழிப் பகல், ஆனிப் பகலைவிட ஒன்றேகால் மணி நேரம்தான் சின்னது. பனிக்கும் மழைக்கும் கதவைச் சாத்தி உள்ளேயே இருப்பதில்தான் வெளிச்சம் பெரிதும் போய்விடுகிறது. டியூப்லைட் போட்ட அறையில் 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருக்கும். மோடம் போட்ட வாசலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். காலை ஏழரைக்குக் காதை மூடித் துண்டு கட்டி, ஆசாரத்தை (முன்கூடத்தை) தாண்டி வாசலில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மடியில் ஒரு முறம் கடலைக்காய் கொடுங்கள், உரிக்கட்டும். மனசு தெளிந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் தெளியாது; கை அசைந்தால்தான் மனசும் பின்னாலேயே வரும்.

ஜன்னல் வெயிலே போதாதா? – திருப்பூர்

மனசுக்கு வேண்டிய வெளிச்சம் கண் வழியாகப் போகிறது. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் ஓரளவு கிடைக்கும். நாலடி உள்ளே தள்ளினால் பெரிதும் குறைந்துவிடும். வைட்டமின் டி கதை வேறு. அதற்கான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலிலும் அது குறைவு. பதினொரு மணிக்கு மேல் கை கால் தெரிய 15, 20 நிமிடம் வெளியே நில்லுங்கள்.

மகன் டொராண்டோவில். டிசம்பர் வந்தால் தூங்கிக்கொண்டே இருக்கிறான். வெளிச்ச சிகிச்சை விளக்கு வாங்கச் சொல்கிறார்கள். – கோபி

அங்கே டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரம்தான், விளக்கு பயன்படும். 10,000 லக்ஸ், புற ஊதா வடிகட்டியோடு வாங்கச் சொல்லுங்கள். அந்த 10,000 எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அந்தத் தூரத்தில் உட்கார வேண்டும். அறை மூலையில் வைத்துவிட்டுப் "பலனில்லை" என்பவர்கள் தவறுவது அங்கேதான். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், 30 நிமிடம். உற்றுப் பார்க்க வேண்டாம். சாயங்காலம் போட்டால் ராத்தூக்கம் கெடும். ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். விழித்திரைக் கோளாறு இருந்தாலோ, முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவு மீறிய உற்சாகத்தில் இருந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

குளிருக்குன்னு அப்பா தினமும் பிராந்தி குடிக்கிறார்.

தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு போலத் தெரியும், உள்சூடு இறங்கும். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கம் கலையும், சோர்வு கூடும். ஆனால் பல வருடக் குடியை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி நிறுத்துங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் நாட்டமில்லை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும்; பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும். தனியே விடாதீர்கள். சாளையில் இருக்கும் பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். 14416 அரசின் மனநல உதவித் தொலைபேசி (டெலிமனஸ்) எண், இலவசம். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.