'எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்': சொந்தக் காரில் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: ரியாத்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். மனைவி, 9 வயது மகன், 4 வயது மகளோடு சேர்த்து ஆறு பேர். பாலைவனத்தில் இருக்கிற 'எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. என்னிடம் இருப்பது செடான். தெரிந்தவர் ஒருவர், தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தன்னுடைய ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டியில் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம். உரிமம் உள்ள சுற்றுலா நிறுவனத்தின் வண்டியில் போங்கள்.

முதலில் உங்கள் கார். ஐந்து சீட்டில் ஆறு பேர் என்பதே தப்பு. சின்னவளைப் பாட்டி மடியில் வைத்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். வண்டி தூக்கிப்போடும்போது மடியில் இருக்கிற பிள்ளையை யாராலும் பிடித்து வைக்க முடியாது. அந்த இடம் ரியாத்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். தார் ரோடு முடிந்ததும் கல்லும் புழுதியுமான தடம் தொடங்கும். அங்கே வண்டிக்கு அடியில் இருக்கிற ஆயில் பான் கல்லில் இடித்து உடைந்து நின்றால், உதவிக்கு ஆள் கூப்பிட சிக்னலும் கிடைக்காமல் போகலாம்.

"என் நண்பர் கேம்ரியில் போய் வந்தாரே" என்பீர்கள். உண்மைதான், போகிறவர்கள் இருக்கிறார்கள். தடத்தைச் சமப்படுத்திய புதிதில், மழை இல்லாதபோது, மெதுவாக ஓட்டினால் செடானும் போய்விடும். ஆனால் எப்போது சமப்படுத்தினார்கள் என்று யார் சொல்கிறார்கள்? ஒரு மழையில் வாதியில் (மழைக்கு மட்டும் ஓடுகிற வறண்ட ஓடை) தண்ணீர் ஓடினாலே தடம் வேறாகிவிடும். போகும்போது சுலபமாக இறங்கிய சரிவு, திரும்பும்போது ஏற்றமாக எதிரே நிற்கும். அதனால் அந்த வாரமே அதே தடத்தில் ஓட்டியவர் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதன்பிறகு மழை பெய்திருக்கக் கூடாது. கூடவே இன்னொரு வண்டியும் வர வேண்டும். மூன்றும் அமைந்தால் யோசிக்கலாம். அப்போதும் வாடகைக் கார் கூடாது. ஆஃப்-ரோடு போனால் காப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சாவி கொடுக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, அந்தத் தெரிந்தவர். உயரமாக இருக்கிற ஏழு சீட் வண்டியெல்லாம் ஃபோர் பை ஃபோர் என்று சொல்லி விற்கிறார்கள். பலவற்றில் முன்சக்கரம் மட்டுமே இழுக்கும். நான்கு சக்கரத்துக்கும் மாற்றுகிற லீவரையோ சுவிட்சையோ காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் கம்ப்ரஸர் எங்கே என்று கேளுங்கள். கடைசியாக, சுற்றுலா அமைச்சகத்தின் வழிகாட்டி உரிமத்தைக் கேளுங்கள். "நம்ம ஊர்க்காரன், நம்ப மாட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினால், அத்தோடு விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது சவூதியில் குற்றம். விபத்து நடந்தால் உங்கள் அப்பாவின் மருத்துவச் செலவுக்கு அவர் வந்து நிற்கப் போவதில்லை.

இவ்வளவு பேர் போகிற இடத்துக்குத் தெளிவான வழிகாட்டிப் பலகைகளும், தடத்தின் நிலையைச் சொல்லும் அறிவிப்பும் வைப்பது அப்படி என்ன பெரிய வேலை? மேப்பில் ஒரே பெயருக்குப் பல புள்ளிகள் காட்டுகின்றன. இந்தக் குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். உரிமம் உள்ள சுற்றுலா நிறுவனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும், வண்டிக்கும் ஓட்டுநருக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இருப்பார்.

போய்ச் சேர்ந்ததும் விளிம்புதான் பெரிய கவலை. சுமார் 300 மீட்டர் பள்ளம், தடுப்பு வேலி கிடையாது. இந்த இடம் இருக்கிற துவைக் மலைத்தொடரில் மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல், கீழே இளகிய அடுக்குகள். இளகியது முதலில் கரைந்துபோவதால் மேல்கல் சில இடங்களில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. போட்டோவுக்காக ஓரத்தில் யாரும் உட்காராதீர்கள். மகள் கையை விடவே கூடாது. அப்பா, அம்மாவைக் குறுகலான பாதையில் ஏற்றாதீர்கள். வண்டி நிற்கும் பக்கத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

பாறைமுகம் மேற்கைப் பார்த்திருப்பதால் எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்குக் காத்திருப்பார்கள். நீங்கள் காத்திருக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம், ஆனால் மழையும் அப்போது வரலாம் என்பதால் முந்தைய நாள் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், பெரியவர்களின் மருந்து, எல்லோருக்கும் ஜாக்கெட், அப்புறம் இக்காமாவும் (உங்கள் குடியிருப்பு அட்டை) பெற்றோரின் பாஸ்போர்ட்டும். அங்கே கழிப்பறையை நம்ப முடியாது; தார் ரோட்டை விடும் முன் கடைசி பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.